டம்ளரில் ஒரு கோடு

மூன்றாவது குடத்தைத் தூக்கி வீரபத்திரன் கங்காதரனின் தலையில் ஊற்றப் போனபோது, உள்ளிருந்து அவர் மனைவி தாயாரம்மாள் பதறிக் குரல் கொடுத்தாள்.

"பாத்து ஊத்துங்கண்ணா. வாய்ல போயிடப் போவுது."

குடம் அப்படியே நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கடைசிக் குளியலுக்காகப் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த கங்காதரன் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாதவர் போல இருந்தார். முதலில் யார் சிரித்தது என்று மகள் வரலட்சுமிக்குத் தெரியவில்லை. பஸ் டிரைவர் வீரபத்திரனின் தோள் குலுங்கியது. குடத்துத் தண்ணீரில் பாதி அவர் வேட்டியிலேயே கொட்டியது.

எண்பத்து நாலாம் வருஷத் தீபாவளிக்கு மறுவாரம் கங்காதரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்குக் காவல். வாரம் இரண்டு நாள் விடியற்கால ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். நாளைக்கு மூன்று முறை, எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கீறிய கோடு வரைக்கும் தண்ணீர். உப்பு கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பள்ளிப்பட்டு பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராகக் கத்திய தொண்டை அது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோ கூடியிருக்கும். நர்ஸ் தாயாரம்மாளைத் திட்டுவாள். பையில் சில்லறை இருக்கிறது, அந்தக் கனம்தான் என்பார் கங்காதரன். போன வாரம் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ரயிலேற முடியாமல் ஒரு நாள் தப்பியும் போனது.

வரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் நைனா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. மோர்ப்பானையைப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் டம்ளர் நிறைய ஊற்றி, உப்பும் போட்டுக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "போலாம் ரைட்" என்றார். இன்று விடியற்காலை ரயிலுக்குச் சட்டை போடும்போதே மூச்சு முட்டி, வாசலைத் தாண்டுமுன் போய்விட்டார். தான் கொடுத்த அந்த ஒரு டம்ளர்தான் காரணம் என்று, காலையிலிருந்து அவள் மோர்ப்பானைப் பக்கமே போகவில்லை.

வீரபத்திரன் வேட்டியைப் பிழிந்துகொண்டே வாசல் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ திட்டினாலும் பரவால்ல. கோடைல கே.ஜி.கண்டிகையில பஸ்ஸ நிறுத்தி நுங்கு வாங்கிக் குடுத்துகினு இருந்தேன். இது தண்ணி இல்லியே, காய்தானேன்னாரு."

எதிர் டீக்கடை பரந்தாமன் தொண்டையைச் செருமினார். டீயைச் சாஸரில் ஊற்றிக் குடித்தால் டம்ளர் கணக்கில் வராது என்று கங்காதரன் சொல்ல, தானும் கொடுத்துவந்ததாக ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் தினமும் வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் ரசம் நீட்டியிருக்கிறாள். டாக்டரே மிளகு சேர்க்கச் சொன்னாராம்.

"உன்ன வுட்டா இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லன்னாரே!" என்றாள் கன்னியம்மாள்.

"என்கிட்டயும் அதத்தான் சொன்னாரு," என்றார் பரந்தாமன்.

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. அழுதபடியே சிரித்தார்கள். சிரித்தபடியே மிச்சக் குடங்களை ஊற்றினார்கள். இந்தத் தடவை யாரும் பார்த்து ஊற்றவில்லை. வரலட்சுமி தன்னுடையதையும் சொல்லிவிட எழுந்தாள். அம்மாவின் முகம் இறுகியிருந்ததைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் கன்னியம்மாள் வீட்டைக் கழுவிவிட்டு, தலை வைத்திருந்த இடத்தில் விளக்கேற்றினாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கும்படி சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

வரலட்சுமி அலமாரியிலிருந்து அந்த டம்ளரைத்தான் எடுத்தாள். சொம்பைச் சாய்த்தாள். கை தானாக நின்றது.

"ஏன் நின்னுட்ட?" தாயாரம்மாள் பின்னால் நின்றிருந்தாள்.

"கோடு வந்துடுச்சிம்மா."

தாயாரம்மாள் டம்ளரை வாங்கி, கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். "இது டாக்டர் சொன்ன எடம் இல்ல. ஒரு வெரல் மேலதான் கீறினேன். ஆணி என் கையிலதான இருந்துது."

வரலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நேத்து மத்தியானம் நான் டம்ளர் நெறைய மோர் குடுத்தேம்மா. உப்புப் போட்டு."

"தெரியும். மீசையில இருந்துது. நாந்தான் தொடச்சி வுட்டேன்." டம்ளரை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள். "உப்பு கொஞ்சம் கம்மின்னாரு."

வரலட்சுமி சொம்பை மறுபடி சாய்த்தாள். விளிம்பு வரை நிறைந்தது. விளக்கை நோக்கி நடந்தபோது, கழுவிக் காய்ந்திருந்த தரையில் வழியெல்லாம் சிந்தியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.