வலது பக்கத்து ஜால்ரா

பொருட்களைச் சோதித்து எழுதும் அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் 'செவியார்' என்றுதான் கூப்பிட்டார்கள். கையடக்க மியூசிக் பிளேயர், ஹெட்போன், அதற்கு வலுவேற்றும் ஆம்ப்ளிஃபயர் என்று எது வந்தாலும் அவர் கேட்டுச் சொன்னால் வாசகர்களிடம் மறுபேச்சு இல்லை. அவருக்குத்தான் அந்த வேலை சலித்துப்போய் வெகுகாலமாகியிருந்தது. அதே பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தெளிவு, ஆழம், இதம் என்று அதே சொற்களைப் புரட்டிப் போட்டு எழுதி, மாலையில் காது மடல் இரண்டும் சிவந்து வீட்டுக்குப் போவார்.

அந்த மாதம் இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஒன்று செங்கல் கனத்தில் ஒரு பிளேயர். ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே அடக்கம். மற்றது மெல்லிய பிளேயர், முதுகில் ரப்பர் பட்டையால் கட்டிய தனி ஆம்ப்ளிஃபயரோடு. இரண்டுமே யானை விலை. சத்தம் கூடினால் எதுவும் நன்றாக இருப்பதுபோல் மயக்கும் என்பதால், மீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கேட்க உட்கார்ந்தார்.

முதலில் எப்போதும் ஒரு பெண் குரல் பாட்டைப் போடுவார். அதில் வலது பக்கம், மிக மெல்லிதாக, ஒரு ஜால்ரா வரும். செங்கல் பிளேயரில் அது வரவில்லை. கருவியில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பினார். விற்பனையாளர் உடனே வேறொன்று அனுப்பினார். அதிலும் ஜால்ராவைக் காணோம். மெல்லிய பிளேயரில் போட்டார். அதிலும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினார். இடது காதில் ஜால்ரா கணீரென்று கேட்டது.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் ஓடி முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. கருவிகளை வீட்டுக்கு எடுத்துப்போனார். வீட்டில் அவரும் அக்காவும் மட்டும்தான். அக்காவுக்கு வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள்.

"அக்கா, ஒரு பாட்டு கேளேன்."

"போடா. நாள் பூரா ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு ஊர்ல இருக்கறவன் திட்டெல்லாம் வாங்கிட்டு வரேன். வீட்லயும் மாட்டிவிடணுமா?"

"ஒரே தடவைக்கா. வலது பக்கம் ஜால்ரா கேக்குதான்னு மட்டும் சொல்லு."

"ஜால்ராதானே? எங்க ஆபீசுக்கு வா. மேனேஜர் ரூம் வாசல்ல நின்னா காது நிறையக் கேக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினாள். கண்ணை மூடிக் கேட்டாள். "கேக்குதே, நல்லாவே கேக்குது." மற்றதிலும் கேட்டுவிட்டு, "இதுலயும்தான் கேக்குது. ரெண்டும் ஒண்ணுதான்டா. இதுக்கா இவ்வளவு விலை?" என்றவள், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னடா?"

"எனக்குக் கேக்கலைக்கா."

காது மருத்துவர் ஒலி புகாத சிறிய அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். "வலது காதுல மேல் சுருதியெல்லாம் போயிடுச்சு. போனது வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். இந்த ஹெட்போன் வேலையை விட முடியுமா?" என்றார். செவியாருக்கு அழுகை வரவில்லை. வெகுதூரம் நடந்து வந்தவனை யாரோ உட்காரச் சொன்னதுபோல் இருந்தது. அப்படி இருந்ததே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

பத்திரிகை ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "இதை வெளியில சொல்லாதீங்க. இடது காது இருக்குல்ல? உங்க அனுபவத்துக்கு அதுவே ஜாஸ்தி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"நாலு பக்கம் காலியா இருக்குய்யா."

"எழுதித் தரேன். கேக்காததைக் கேட்டேன்னு மட்டும் எழுத மாட்டேன்."

எழுதினார். செங்கல் பிளேயர் சட்டைப் பையில் சூடேறுகிறது. ரப்பர் பட்டை பொத்தான்களை மறைக்கிறது. பைக்குள் கிடக்கும்போதே ஒலித் திருகு தானாகச் சுழன்றுவிடுகிறது என்று எல்லாம் எழுதினார். கடைசியில், என் வலது காது பழுதாகிவிட்டது, ஒலியைப் பற்றி வேறொருவர் சொல்வதே நியாயம் என்று முடித்தார். நல்ல கருவியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியதற்காக விற்பனையாளரைப் போனில் அழைத்து மன்னிப்பும் கேட்டார். ஆசிரியர் பெருமூச்சு விட்டாரே தவிர, எதையும் வெட்டவில்லை.

இதழ் வந்ததும் ஒரு வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். "அப்போ இவ்வளவு நாளா நாங்க எதை நம்பி வாங்கினோம்?" பழுது எப்போது தொடங்கியது என்று செவியாருக்கே தெரியாது. அதைத்தான் சொன்னார். வாசகர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு வாஷிங் மெஷின்களை ஒதுக்கினார்கள்.

"வாஷிங் மெஷினா?" என்றாள் அக்கா, சாப்பாட்டு மேசையில் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து. "நம்ம வீட்டது கத்துற கத்துக்கு முதல்ல அதைப் பத்தி எழுது." அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று புரிந்ததும், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவர் களைப்போடு சிரித்தார்.