கனடாவிலிருந்து வந்த மீனெண்ணெய்

மகள் டிலுசா தலையிடிக்குது என்று சொன்னபோது யூலிற்றா முதலில் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிறாள் என்றுதான் நினைத்தாள். வகுப்பில் பிள்ளைகள் மகளைப் 'பீப்பா' என்று கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். மல்லாவியில், சண்டையும் சாமான் தடையும் இருந்த அந்த வருடங்களில், விலா எலும்பு தெரியாத பிள்ளையைக் காண்பதே அரிது. குண்டான பிள்ளையொன்று தெருவில் போனால் பெரியவர்களே திரும்பிப் பார்த்தார்கள். நிவாரண வரிசையில் பின்னால் நிற்பவர்கள், அந்த வீட்டில் சாமான் பதுக்கி வைத்திருக்கிறார்களாக்கும் என்று அவளுக்குக் கேட்கத்தக்கதாகவே கதைத்தார்கள்.

பதுக்குவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. யூலிற்றா சந்தையடித் தேத்தண்ணிக்கடைக்கு, மாவும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்த வாய்ப்பன் சுட்டுக் கொடுத்தாள். விற்காமல் திரும்பி வருவதை வீட்டில்தான் தின்று முடிக்கவேண்டும். புருசன் பஸ்தியாம்பிள்ளைக்கு இனிப்புப் பிடிக்காது. அவளுக்கோ எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் குந்தியிருந்து குந்தியிருந்து வாய்ப்பனைக் கண்டாலே குமட்டும். மிச்சமெல்லாம் மகளுக்குத்தான் போயிற்று. மகள் தின்பதைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரந்தான் யூலிற்றாவுக்கு அன்றைய நாளில் மனம் ஆறுகிற நேரம்.

அதற்குக் காரணம் இருந்தது. முல்லைத்தீவுக் கரையைவிட்டு ஓடிவந்து ஸ்கந்தபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில், கைக்குழந்தை மெல்ரொன் வயிற்றோட்டத்தில் செத்துப்போனான். கடைசி நாட்களில் அவனைத் தூக்கினால் துணியைத் தூக்கியதுபோல இருந்தது. அப்போது டிலுசாவும் மெலிந்துதான் இருந்தாள். சோறு கேட்பாள். முடிஞ்சுது என்று தாய் சொல்லுவாள். அந்தச் சொல்லை இனி இந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்று, யாருக்கும் சொல்லாமல், யூலிற்றா தனக்குள் முடிவெடுத்திருந்தாள்.

ஒருநாள் வகுப்பில் டிலுசா தின்றதெல்லாம் சத்தியெடுத்து மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். வாத்தியார் ஆளனுப்பினார். ஆஸ்பத்திரியில் மலேரியாக்காரர் நிறைந்து கிடந்தார்கள். டொக்டர் இளம் ஆள். நித்திரை இல்லாமல் கண் சிவந்திருந்தது. காய்ச்சல் இல்லையென்று கண்டதும் பிரஷர் பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுகிற பட்டி அவளுடைய கைக்கு எட்டவில்லை. பெரியவர்களின் பட்டியை எடுத்துக் கட்டினார். ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். பிறகு வேறொரு நாள் வரச்சொல்லிப் பார்த்தார். எல்லா முறையும் பிரஷர் கூடுதலாகத்தான் இருந்தது.

"அம்மா, இந்த வயதில இரத்தக் குழாய் புது சைக்கிள் ரியூப் மாதிரி இழுபடவேணும்," என்றார். "உங்கட பிள்ளைக்கு அது இப்பவே இறுகத் தொடங்கியிருக்கும். உடம்பு கூடினதுதான் காரணம். எண்ணெய்ச் சாப்பாட்டையும் உப்பையும் குறையுங்கோ. பிள்ளையை நடக்க விடுங்கோ."

யூலிற்றா ஓம் ஓம் என்று தலையாட்டினாள். நாடே பட்டினி கிடக்க, தன்னுடைய பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

கனடாவில் இருந்த மச்சாள் பிரியந்தினிக்கு எப்படியோ செய்தி போயிற்று. கொஞ்சக் காலத்தில், வவுனியாவுக்கு வந்த ஒரு சொந்தக்காரர் மூலம் ஒரு போத்தல் வந்து சேர்ந்தது. தேன் நிறத்தில் பளபளவென்று குளிசைகள். இரத்தக் குழாய்க்கு நல்லது, அங்கே எல்லாரும் விழுங்குகிறார்கள், பிள்ளைக்கு நாளுக்கு ஒன்று கொடுக்கட்டாம் என்று கொண்டுவந்தவர் சொன்னார். ஆமியின் தடைமுகாமில் மற்றச் சாமானையெல்லாம் கிளறிக் கொட்டினார்கள், இது எப்படியோ தப்பிவிட்டது என்றும் சொன்னார்.

பஸ்தியாம்பிள்ளை போத்தலை வாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"மீனெண்ணெய்," என்றார். "கடலை விட்டிட்டு வந்து குளத்தில ஜப்பான் மீனுக்கு வலை போடுறன். எங்களுக்கு மீனெண்ணெய் கனடாவில இருந்து வருது."

அவர் சிரிக்கவில்லை. போத்தலை அவளிடமே கொடுத்துவிட்டு வலையைத் தைக்கப் போய்விட்டார்.

யூலிற்றாவுக்கு அந்தப் போத்தல் பெரிய ஆறுதலாக இருந்தது. காலையில் மாதாவின் படத்துக்கு முன்னால் மகளை நிறுத்தி ஒரு குளிசையை விழுங்கக் கொடுப்பாள். செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். பின்னேரம் வாய்ப்பன் திரும்பி வந்ததும் வழக்கம்போலத் தட்டில் வைப்பாள். குளிசைதான் இருக்கிறதே. டிலுசா சிலவேளை தாயின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு தின்பாள்.

அடுத்த முறை பிரஷர் பார்த்தபோது இறங்கவில்லை. முந்தியதைவிடக் கொஞ்சம் ஏறியும் இருந்தது. யூலிற்றா கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தாள். ஒருநாளும் தவறவிடாமல் கொடுத்ததாகச் சொன்னாள். அவர் அதிலிருந்த எழுத்தை வாசித்தார். பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"இது குழாய்க்கு நல்லதோ எண்டு வெளியில ஆராய்ஞ்சுகொண்டிருக்கினம். கூடாதெண்டு நான் சொல்லமாட்டன்," என்றார் டொக்டர். "ஆனா காலமை இதைக் குடுத்திட்டுப் பின்னேரம் வாய்ப்பனைக் குடுத்தா என்ன பிரியோசனம், அம்மா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபப்படவும் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. வெளியே ஒரு குழந்தை இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தது. அவர் எழுந்து அங்கே போனார்.

அன்று பின்னேரமும் கடையிலிருந்து வாய்ப்பன் திரும்பி வந்தது. மழை பெய்ததால் வழக்கத்தைவிடக் கூட. குசினிக்குள் பேசின் நிறைய இருந்தது. டிலுசா தட்டோடு வந்து இருந்தாள். யூலிற்றா ஒன்றை வைத்தாள். பிள்ளை அதைத் தின்றுவிட்டுத் தட்டை நீட்டியது. தாய் அசையவில்லை.

"முடிஞ்சுதா அம்மா?"

ஓம் என்று சொல்லிவிடலாம். பழகிய சொல்தான். ஆனால் பேசின் இருவருக்கும் நடுவில் மூடாமல் இருந்தது.

"முடியேல்லை," என்றாள் யூலிற்றா. "இருக்கு. உனக்குப் போதும்."

இல்லாத நாட்களில் இல்லையென்று சொன்னது இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அப்போது குற்றம் அவளுடையதல்ல. டிலுசாவின் கண் நிறைந்தது. அவள் வெறுந்தட்டைப் பார்த்தபடி, நான் தின்னாவிட்டால் நீங்கள் அழுவீர்கள் என்று நினைச்சுத்தான் திண்டனான் என்று மெல்லச் சொன்னாள். எப்போதும் அப்படியில்லை, பசித்தும் தின்றதுண்டு என்று பிறகு அவளே சேர்த்துக்கொண்டாள்.

யூலிற்றா பேசினைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கொட்டிலுக்குப் போனாள். அங்கே இரஞ்சிதம் என்பவள் நாலைந்து பிள்ளைகளோடு இருந்தாள். பதுக்கல் கதை கதைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் கழுவிய பேசினுக்குள் ஒரு பிடி முருங்கையிலை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பிறகு தகப்பன் குளத்துக்குப் போகும்போது டிலுசாவும் கூட நடந்தாள். முதலில் இளைத்து இளைத்து வழியில் குந்திவிடுவாள். அவர் காத்து நிற்பார். வீட்டில் உப்பில்லாத கறியை யாரும் விரும்பவில்லை. பசி என்று பிள்ளை அழுத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் யூலிற்றாவும் சாப்பிடாமல் படுத்தாள். குளிசை முடிந்தபோது மச்சாளிடம் இன்னொரு போத்தல் கேட்போமா என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டார். அனுப்பினால் அனுப்பட்டும், நாங்களாகக் கேட்கவேண்டாம் என்றாள்.

மாரி மழை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்லம், இப்படியே போகட்டும் என்றார் டொக்டர். சந்தோசப்படவேண்டும் என்று யூலிற்றாவுக்குத் தெரிந்தது. அதற்கும் சக்தி வேண்டியிருந்தது. இன்னும் எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் கேட்டாள். பிள்ளை வளர்ந்து முடியும் மட்டும், அதற்குப் பிறகும் என்றார்.

வெளியே பஸ்தியாம்பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூலிற்றாவின் கால் இரண்டும் கடுத்தன. டிலுசா தாயைப் பார்த்தாள்.

"நீங்கள் கரியரில ஏறுங்கோ அம்மா. நான் நடந்து வாறன்."

யூலிற்றா மறுக்கவில்லை. ஏறி இருந்தாள்.