ஐந்து மணிக்குள் அடங்க வேண்டிய உறுமல்

ஐந்து மணிக்கு மைத்துனர் வேனோடு வருவார். அதற்குள் ஸ்பீக்கர்களின் உறுமல் அடங்காவிட்டால் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இது என் மனைவியின் தீர்ப்பு. ஒரு வாரமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து துணி தைப்பவள் அவள்.

பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று போன ஞாயிறன்றுதான் ஒயர்களை மாற்றினேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஜோடி: கனத்த ஒலிக்கு ஒரு சேனல், மெல்லிய ஒலிக்கு ஒரு சேனல். ஸ்பீக்கரின் பின்னால் இரண்டையும் இணைத்திருந்த பித்தளைத் தகடுகளை மறக்காமல் கழற்றினேன். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் மெனுவையும் அதற்கேற்ப மாற்றினேன். கிடைத்தது இதுதான்: இடது பக்கம் மெல்லிய ஒலி இல்லை, இரண்டு பக்கமும் உறுமல். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வரும் மௌனத்துக்காகத்தான் நான் பாட்டே கேட்கிறேன். சரியாக அங்கே போய் அது உட்கார்ந்துகொண்டது.

மணி மூன்று. ரிசீவரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஒயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டேன். மறுபடி ஆன் செய்ததும் வலது பக்கத்து மெல்லிய ஒலி ஊமையானது. அப்படியென்றால் ஸ்பீக்கரில் பழுதில்லை. ரிசீவரின் பின்னால் டார்ச் அடித்து ஒயரை இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. அந்த உறுதிதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. திருகு இத்தனை நாளும் பிடித்திருந்தது மேலுறையை, செம்புக் கம்பியை அல்ல. உறையைச் சீவி மறுபடி இறுக்கினேன்.

"ஊமை பேசிருச்சு போல," என்றாள், மெஷினை நிறுத்தாமல். "வண்டு மட்டும் இன்னும் பறக்குது."

"பிடிக்கிறேன்."

"ஒரு வாரமா பிடிக்கிறீங்க."

ரிசீவரில் வந்து சேரும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டிவியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றது. சொருகினால் வந்தது. டிவியின் கரண்ட் ஒயரைத் தொடர்ந்து போனேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் முடிந்தது. ரிசீவரோ எதிர்ச்சுவரில். முன்பு இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்தவை. இப்போது இரண்டும் தனித்தனி எர்த்தில்; நடுவில் டிவி ஒயர் வழியாகக் கசியும் கரண்ட்தான் உறுமலாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

போர்டு தையல் மெஷினுக்கு அடியில் இருந்தது. அருகில் போனேன். மணி நாலே முக்கால்.

"அந்த போர்டு..."

அவள் கீழே குனிந்து பார்த்தாள். "நீங்க எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருந்தீங்க. சும்மா கிடக்குதேன்னு எடுத்தேன். டிவிய ஜன்னல் பக்கம் நான்தான் மாட்டினேன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே. போர்டு எங்கன்னு தேடாம ரிசீவரைச் சுவர்ல சொருகுனது யாரு?"

நான்தான். அவள் மெஷினை அணைத்து, போர்டை எடுத்து நீட்டினாள். இரண்டையும் அதில் சொருகினேன். பாட்டு எதுவும் போடாமல் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஒன்றுமே கேட்கவில்லை.

வாசலில் ஹாரன். மைத்துனர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "எதை முதல்ல தூக்கணும்?"

"எதையும் இல்லண்ணா. அப்படியே வேனைத் திருப்பிக் கடைக்குப் போய் எனக்கு ஒரு போர்டு வாங்கிட்டு வாங்க. தைக்கிற சட்டைக் கை பாதியில நிக்குது," என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

"நானும் வர்றேன், மச்சான்."