ரத்துக்கு ஒரு காரணம்

பல்கலைக்கழகச் சான்றிதழ் பிரிவுக் குமாஸ்தாவுக்கு அன்று காலையிலேயே அலுத்துப்போயிருந்தது. அது புதிதல்ல. புதிது என்னவென்றால், மனுதாரர் நாற்காலியில் அவருடைய மனைவியே வந்து உட்கார்ந்ததுதான்.

“சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டேனா?”

“நீங்க மறந்தது வேற.”

போனை மேஜைமேல் வைத்தாள். திரையில் அவளுடைய கணிதப் பட்டம். அதன் குறுக்கே சிவப்பாக ‘ரத்து’.

பிள்ளைகள் தலையெடுக்கட்டும் என்று வீட்டோடு இருந்தவளுக்கு இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கூடி வந்திருந்தது. தலைமையாசிரியை சான்றிதழ் மூலையிலிருந்த கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்திருக்கிறார். “ரத்தான பட்டம்னா அனேகமா போலியாத்தான் இருக்கும்னாங்க. சாயங்காலத்துக்குள்ள காரணம் வேணுமாம். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்களாம்.”

குமாஸ்தாவுக்கு அது யார் வேலை என்று புரிந்துவிட்டது. பட்டங்களைப் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் ஏற்றும் வேலை வந்தபோது, “எல்லா பட்டனையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க” என்றார் பயிற்சியாளர். அமுக்கிப் பார்க்க ஒரு பதிவு எண் வேண்டாமா? அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று, மனைவியுடையது. அந்தக் காலத்தில் தேர்வு முடிவு கேட்டு வந்தவளுக்குப் பார்த்துச் சொன்னவரே இவர்தான். அந்தச் சாக்கில்தான் கல்யாணம்வரை போனது. ஆசையாக அதே எண்ணைப் போட்டு ‘ரத்து’வையும் அமுக்கினார். ஒத்திகைத் தளம் என்று நினைப்பு. ஒத்திகையோ முந்தின நாளே முடிந்திருந்தது.

இவர் ஒருவர் அமுக்கினால் நடக்காது. உதவிப் பதிவாளரின் சாவியும் வேண்டும். பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன வில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் எழுந்து வர அலுத்துப்போய், அதை அவர் குமாஸ்தாவின் கணினியிலேயே செருகிவிட்டுப் போயிருந்தார். எதைக் கொண்டுபோனாலும் “அப்புறம் பாக்கலாம்” என்பதால் பிரிவில் அவருக்கு ‘அப்புறம்’ என்றே பெயர்.

“அழிச்சுடுங்களேன்,” என்றாள் மனைவி.

“முடியாதும்மா. ஒரே பதிவு எத்தனையோ கணினியில இருக்கு. மேல சேக்கலாம், அழிக்க முடியாது.”

“நம்ம வீட்டுச் சண்டை மாதிரி.”

ரத்தை விலக்கி மேலே ஒரு பதிவு சேர்க்கலாம்; ஆனால் அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். விஷயம் கேள்விப்பட்டு வந்த உதவிப் பதிவாளர் ‘அப்புறம்’, “தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுய்யா. யாருக்கும் நோகாது,” என்றார்.

“எனக்கு நோகும் சார். போலிப் பட்டக்காரங்க எல்லாரும் அதைத்தானே சொல்வாங்க?”

“நீங்க யாரும்மா?”

“இவர் ரத்து பண்ணின ஆள். வீட்ல இவரோட மனைவி.”

‘அப்புறம்’ குரலைத் தாழ்த்தினார். “உண்மையைப் போட்டா, சாவி ஏன் இங்க கெடந்துச்சுன்னு கேப்பாங்கய்யா. நாம ரிட்டயர் ஆனாலும் அது அப்படியே நிக்கும். அப்புறம் பாக்கலாம்.”

மேலதிகாரி சொல்லுக்கு மறுசொல் சொல்லி குமாஸ்தாவுக்குப் பழக்கமில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. தலை குனிந்தார். வேலைக்கென்று வாங்கிய புதுச் செருப்பு மனைவியின் குதிகாலைக் கடித்து, அங்கே ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

கீபோர்டை இழுத்துக்கொண்டார். ‘பயிற்சி என்று நினைத்து, பிரிவு எழுத்தரும் உதவிப் பதிவாளரும் தவறுதலாக ரத்து செய்தது. பட்டதாரிமேல் எந்தக் குற்றமும் இல்லை.’

“தவறுதலாவா?” என்றாள் மனைவி.

‘கவனக்குறைவாக’ என்று மாற்றினார்.

“என்னையும் கோத்துட்டியே!” என்றார் ‘அப்புறம்’.

“சாவி உங்களோடது சார்.”

‘அப்புறம்’ குமாஸ்தாவைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். சட்டைப்பைக்குள் கையை விட்டுத் தேடினார். வில்லை அங்கே இல்லை. இன்றும் கணினியில்தான் செருகியிருந்தது.

“அமுக்கித் தொலை,” என்றார்.

மனைவி மறுபடி ஸ்கேன் செய்தாள். பட்டம், அதன்கீழ் ரத்து, அதன்கீழ் ரத்தின் ரத்து, காரணத்தோடு. பள்ளிக்கு அனுப்பினாள். இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் போன் சிணுங்கியது. ‘திங்கட்கிழமை வந்து சேருங்கள்.’

குமாஸ்தாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மனைவி எழுந்திருக்கவில்லை. காரணத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள்.

“கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து, தப்பு உங்க மேலன்னு எழுத்துல குடுத்தது இதுதான் முதல் தடவை. நிஜமாவே அழிக்க முடியாதா?”

“முடியாது.”

“அப்ப இருக்கட்டும்,” என்று நொண்டிக்கொண்டே கிளம்பினாள்.