ஆறு கசிவு

துடியலூர் பம்ப் கம்பெனியில் மதிவதனி சேர்ந்து எட்டு மாதம். மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கூச்சத்தில் வாய் திறந்து பேசுவது சிரமம். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவாள். போன வாரம்தான் கூட வேலை செய்யும் சாய்ப்ரியா யாரிடமோ அவளைக் காட்டி, "நம்ம புள்ளைதான்" என்றாள். பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மதிவதனி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நூற்றில் ஐந்துக்கு மேல் கசிந்தால் அந்த நூறையும் என்ன செய்வதென்று எல்லோரும் கூடி முடிவெடுக்க வேண்டும். திங்கட்கிழமை கம்பெனியின் போத்தனூர் யூனிட்டிலிருந்து நூறு மோட்டார் வந்தது. மதிவதனி சோதித்துத் தாளைக் கொடுத்தாள்.

"ஆறு லீக்கா! கெணத்துல எறங்குற மனுசன் என்னாவான்? நூறையும் திருப்பி அனுப்புங்க," என்றார் மேனேஜர் லட்சுமிநாராயணன்.

"அவங்க கம்பி சுத்துனா அப்படித்தானுங்க சார்," என்றான் வம்சி. எல்லோரும் சிரித்தார்கள். மதிவதனியும்தான்.

புதன்கிழமை சொந்த யூனிட்டின் நூறு. தாளை நீட்டினாள்.

"தொண்ணூத்தி நாலு பாஸா! பரவால்லியே," என்றார் மேனேஜர். " மிச்சத்தை ஓரமா வெச்சுப்போட்டு லாரியில ஏத்துங்க."

தாளை ஃபைலில் வைக்கப் போனாள். மேலாகத் திங்கட்கிழமைத் தாள் கிடந்தது. அதில் 'கசிவு: 6'. கையிலிருந்ததில் 'தேறியவை: 94'. இரண்டும் அவள் எழுதியவை. அப்படி எழுது என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தாள். "சார், இதுலயும் ஆறு லீக்குங்க."

"அது வேற, இது வேறம்மா."

"என்ன வேறைங்க?"

மேனேஜர் லாரிக்கான அனுமதிச் சீட்டை எடுத்தார். வம்சிதான், "ஏனுங்க அம்மணி, போத்தனூர்ல மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்திருக்கீங்களா?" என்றான். சிரிப்பில் சாய்ப்ரியாவின் குரல் தனியாகக் கேட்டது.

"நாந்தானுங்க தப்பா எழுதிப்போட்டேன்." நின்றபடியே 'கசிவு: 6' என்று மாற்றி எழுதிக் கையெழுத்திட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே லாரிக்கு அனுமதி எழுத மேனேஜருக்கு மனம் வரவில்லை. நூறையும் பிரித்துச் சரிபார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் எல்லோருக்கும் வேலை என்றாயிற்று. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போத்தனூரிலிருந்து நேஹா போனில் கூப்பிட்டாள். அந்த யூனிட்டில் இதே வேலை பார்ப்பவள். "எங்களுக்காகப் பேசுனீங்களாமா! ரொம்ப தேங்க்ஸுங்க."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"உங்களுக்காக இல்லீங்க," என்றாள் மதிவதனி. "உங்க நூறும் திரும்பி வந்தது சரிதானுங்க."



"சரிங்க," என்று நேஹா போனை வைத்தாள்.