கிட்டக்கதான்

எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிருபாகரனிடமிருந்து ஒரே பதில்தான் வரும். “இதோ, கிட்டக்கதான்.” பொய் சொல்கிற ஆள் இல்லை, பாவம். வழி கேட்கிற மனுஷனிடம் ரொம்பத் தூரம் என்று சொல்லி அவர் மனசை ஒடிப்பானேன்? கடப்பாக்கம் பக்கத்து ஊர்களில் இது ஒரு மரியாதை, அவ்வளவுதான். அவன் பார்த்துக்கொள்கிற விடுமுறைக் காட்டேஜுக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. அங்கே கிடக்கும் சைக்கிளை எடுப்பார்கள், தூரத்தை ஃபோனில் பார்ப்பார்கள், போவார்கள்.

அபிஷேக் ஃபோனைப் பார்க்கவில்லை. இரண்டு நாளைக்கு அதைத் தொடுவதில்லை என்று ஒன்பது வயது மகள் இனியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதனால் கிருபாகரனிடமே கேட்டார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

“ஆலம்பரைக் கோட்டை எவ்ளோ தூரம்ங்க? பாப்பாவுக்கு வீசிங் இருக்கு, அதான் கேக்கறேன்.”

“கிட்டக்கதான் சார். உப்பளம் தாண்டினா கோட்ட. ஜாலியா மிதிச்சிகினு போலாம்.”

ஒன்பது கிலோமீட்டர். சித்திரை மாதத்துப் பத்து மணி வெயில். உப்பளத்துப் பாதையில் ஒண்ட ஒரு மரம் கிடையாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பதினொன்றரைக்கு அறையைப் பெருக்கப் போனபோதுதான் மேஜையைப் பார்த்தான். சார்ஜரில் அபிஷேக்கின் ஃபோன். பக்கத்தில் அந்தப் பிள்ளையின் நீல நிற இன்ஹேலர்.

கிருபாகரன் வெளியே ஓடினான். மொபெட்டை மனைவி ரூத் வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். மிச்சம் இருந்தது பிரேக் இல்லாத சைக்கிள் ஒன்று. இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதில் ஏறினான்.

ஏரிக்கரையில் சந்திரம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, ஒரு அப்பாவும் பொண்ணும் சைக்கிள்ல போனாங்களா?”

“இப்பத்தான் போச்சிங்க. தோ, கிட்டக்கதான் இருக்கும்.”

விழுந்தடித்து மிதித்தான். வளைவு தாண்டினான், அடுத்த வளைவும் தாண்டினான். ஒருத்தரும் இல்லை. உப்பளம் ஆரம்பிக்கிற இடத்து டீக்கடையில் கேட்டால் அங்கேயும் அதே பாட்டு.

“இப்பத்தான் அண்ணாத்த. கிட்டக்க புடிச்சிடலாம்.”

“இப்பத்தான்னா எத்தினி நிமிஷம்? கரெக்டா சொல்லு நைனா.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “கரெக்டான்னா… ஒரு மணி நேரம் ஆயிருக்கும்.”

அடப்பாவி, இதையேதானே நானும் அந்த மனுஷனிடம் சொன்னேன் என்று கிருபாகரனுக்கு அப்போது உறைத்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே மிதித்தான்.

பாதிப் பாதையில் ஓர் உப்புக் குவியலின் ஓரத்தில் அவர்கள் இருந்தார்கள். கையகல நிழலில் இனியா அப்பா மேல் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. உதடு வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. அபிஷேக் இன்ஹேலரைப் பிடுங்கி அவள் வாயில் வைத்து அழுத்தினார். முதல் முறை மருந்து வெளியே போனது. மறுபடி அழுத்தினார், மறுபடியும். மூச்சிரைப்பு கொஞ்சம் இறங்குவது போலிருந்தது, பிறகு பழையபடி இழுத்தது.

கிருபாகரன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னான். ஐந்து நிமிஷத்தில் டிரைவரே கூப்பிட்டார்.

“கெளம்பிட்டோம் அண்ணாத்த. தோ, கிட்டக்க வந்துட்டோம்.”

“கிட்டக்கன்னா எங்க? எந்த ஊர்ல கீறீங்க?”

“கிட்டக்கதான்ப்பா, பேஜார் பண்ணாத. ஃபோன வை.”

அபிஷேக் நிமிர்ந்தார். “எங்க வர்றாங்களாம்?”

கிருபாகரன் பாதையைப் பார்த்தான். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை வெளேரென்று உப்பு, மேலே கானல். ஒரு வண்டியும் இல்லை. அந்த வார்த்தையை நம்பி இங்கே உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

“ஏறுங்க சார். புள்ளய மடியில வெச்சிகினு கேரியர்ல குந்துங்க. இருக்கறது ஒரே ரோடு, வந்தா எதிர்லதான் வருவான்.”

அவர்கள் வந்த சைக்கிள் மூன்று பேர் பாரத்தில் முனகியது. கிருபாகரன் எழுந்து நின்று மிதித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் பிள்ளையின் மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு விசிலுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

“ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்?” என்றார் அபிஷேக்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான்.

“ஆறு கிலோமீட்டர் சார்.”

அபிஷேக் பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.