தண்ணீர் ஊற்றும் சத்தம்

"நிறுத்துங்க சார். கொஞ்சம் பின்னாடி போங்க. இப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?"

"தண்ணி ஊத்துற சத்தம் மேடம்."

"யாரு ஊத்துறா?"

"நான்தான். அவருக்குத் தொண்டை அடைச்சுச்சு."

"அடைக்கல சார். நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு. 'மாத்திரைய எல்லாம் சேத்து வெச்சிருக்கேன்'னு சொல்றாரு. நீங்க தண்ணி ஊத்துறீங்க. அப்புறம் 'பசங்க எப்படிப் படிக்கிறாங்க'ன்னு கேக்குறீங்க."

மாதம் ஒருமுறை மனநல ஆலோசகர், தன்னிடம் வருகிறவர்களோடு பேசிய ஒலிப்பதிவுகளை இந்த மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். அவரைவிட எட்டு வயது சின்னவள். வாய்த்துடுக்குக்காரி. வழக்கமாகக் கேலியும் கிண்டலுமாகப் போகும். இன்று சிரிப்பு வரவில்லை. பதிவில் பேசுகிற பேருந்து ஓட்டுநர் இறந்து பதினோரு நாள். அதே மாத்திரைகள்.

முந்தைய இரண்டு வாரப் பதிவுகளையும் அவள் ஓடவிட்டாள். ஓட்டுநர் சாவின் பக்கம் வந்த இடத்திலெல்லாம் தண்ணீர்க் கூஜா சரியும் சத்தம் கேட்டது.

"மூணு வாரமாவா சார் ஒரு மனுஷனுக்கு அப்படித் தாகம் எடுக்கும்?"

'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கப் புதிய ஆலோசகர்களுக்குப் பழக்கியவர் அவர். நாக்கு கூசாமல் வரும்வரை பத்துத் தடவை சொல்ல வைப்பார்.

பழைய வீட்டின் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. "அண்ணே, எனக்கு இருக்கவே பிடிக்கல" என்று தம்பி ஆரம்பித்தான். இவர் காலி கூஜாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை. திரும்பி வந்தபோது தம்பி எழுந்து போயிருந்தான். மறுநாள் அவன் உயிரோடு இல்லை. பத்தொன்பது வருஷமாக, 'ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான்' என்றுதான் ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லி வந்தார். தானும் அதை நம்பினார்.

"மேடம், என் தம்பி சொன்னான்" என்றார். "சொல்லாம போகல. என்கிட்டதான் சொன்னான்."

அவள் குறிப்பேட்டை மூடினாள்.

கதவு தட்டப்பட்டது. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஓட்டுநரின் மனைவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசைமேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியையே பார்த்தாள். அந்தப் பதிவுகளை இவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் கேட்கக் கூடாது என்பது விதி.

"வீட்ல வாயே தொறக்க மாட்டாருண்ணே. இங்க வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும், 'மனசுவிட்டுப் பேசினேன்'னு சொல்வாரு. அவரு என்ன சொன்னாரு, நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு ஒரே ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டுங்கண்ணே."